பேக்-12 உடைந்த கதை: கேள்வி பதில்

(அமெரிக்கக் கல்லூரி விளையாட்டு பற்றி வந்த கேள்விகள். பேக்-12 என்பது பெரும்பாலும் மேற்குப் பகுதிப் பல்கலைக்கழகங்கள் சேர்ந்து ஆடிய கான்ஃபரன்ஸ். ஃபுட்பால் என்று வருவதெல்லாம் அமெரிக்க ஃபுட்பால்தான்.)

கேள்வி: கான்ஃபரன்ஸ் என்பது லீக் மாதிரியா?

லீக்தான், ஆனால் ஜெயித்து மேலே ஏறுவதும் தோற்றுக் கீழே இறங்குவதும் கிடையாது. வருடம் முழுக்கத் தோற்றவர்களும் உள்ளேயே இருப்பார்கள். அழைப்பு வராவிட்டால் எல்லாரையும் ஜெயித்தவர்களுக்கும் இடமில்லை. 1984 வரை ஃபுட்பால் ஒளிபரப்பு, கல்லூரி விளையாட்டை நிர்வகிக்கும் அமைப்பான என்சிஏஏ கையில் இருந்தது. அந்த வருடம் ஒக்லஹோமா, ஜார்ஜியா பல்கலைக்கழகங்கள் தொடுத்த வழக்கில் சுப்ரீம் கோர்ட் அந்தப் பிடியை உடைத்தது. அதன் பிறகு கான்ஃபரன்ஸின் முக்கிய வேலையே டிவி உரிமையை மொத்தமாக விற்றுப் பங்கு பிரிப்பது என்றாகிவிட்டது.

கேள்வி: 1915இல் தொடங்கிய பேக்-12 ஒரே கோடையில் எப்படிக் காலியானது?

விரிசல் முன்பே இருந்தது. 2012இல் முழுக்கச் சொந்தமாக ஒரு சேனல் தொடங்கினார்கள். செயற்கைக்கோள் டிவி நிறுவனமான டைரக்டிவியோடு பேரம் கடைசிவரை படியவில்லை, பல வீடுகளில் சேனலே தெரியவில்லை. 2022 ஜூன் 30 அன்று லாஸ் ஏஞ்சல்ஸின் இரண்டு பல்கலைக்கழகங்கள், யுஎஸ்சியும் யுசிஎல்ஏவும், பிக் டென் என்ற இன்னொரு கான்ஃபரன்ஸுக்குப் போவதாக அறிவித்தன. லாஸ் ஏஞ்சல்ஸ் போனால் விற்பதற்கு என்ன மிச்சம்?

அடுத்த சில மாதங்களில் பிக் 12 என்ற மற்றொரு கான்ஃபரன்ஸ் பந்திக்கு முந்திக்கொண்டது. ஈஎஸ்பிஎன், ஃபாக்ஸ் இரண்டோடும் டிவி ஒப்பந்தத்தை முடித்துவிட்டது. பேக்-12 இன்னும் நல்ல விலைக்குக் காத்திருந்து, கடைசியில் சந்தாதாரர் எண்ணிக்கையை நம்பிய ஆப்பிள் ஸ்ட்ரீமிங் திட்டத்தோடு வந்து நின்றது. 2023 ஜூலையில் கொலராடோ கிளம்பியது. ஆகஸ்ட் 4, ஒரே நாளில் ஐந்து போயின: ஆரிகன், வாஷிங்டன் பிக் டென்னுக்கு, அரிசோனா, அரிசோனா ஸ்டேட், யூட்டா பிக் 12க்கு. செப்டம்பர் 1இல் ஸ்டான்ஃபோர்டும் பெர்க்லியும் அட்லான்டிக் கோஸ்ட் கான்ஃபரன்ஸில் (ஏசிசி) சேர்ந்தன. இரண்டும் பசிபிக் கரையில் இருப்பவை என்பதை யாரும் கண்டுகொள்ளவில்லை.

கேள்வி: ஆரிகனும் வாஷிங்டனும் பாதிப் பங்குக்குப் போனது அவமானம் இல்லையா?

பிக் டென்னில் மற்றவர்கள் வாங்கும் டிவி பங்கில் பாதிதான், வருடத்துக்குச் சுமார் 3 கோடி டாலர். ஆனாலும் அது உறுதியான பணம். டல்லஸில் இருக்கும் எஸ்எம்யூ பல்கலைக்கழகம் இன்னும் ஒரு படி மேலே போய், ஒன்பது வருடத்துக்கு டிவி பணமே வேண்டாம் என்று சொல்லித்தான் ஏசிசிக்குள் நுழைந்தது. பணக்காரப் பழைய மாணவர்கள் இருந்தால் அப்படிச் சொல்லலாம்.

கேள்வி: மிஞ்சிய இரண்டும் என்ன ஆயின?

வாஷிங்டன் ஸ்டேட், ஆரிகன் ஸ்டேட். ஆட்டத்தில் மோசம் என்பதால் இவர்களை விடவில்லை. வாஷிங்டன் ஸ்டேட் இருக்கும் புல்மன் கோதுமை வயல்களுக்கு நடுவே இருக்கும் சின்ன ஊர், ஆரிகன் ஸ்டேட்டின் ஊரான கொர்வாலிஸும் பெரிய டிவி சந்தை இல்லை. அவ்வளவுதான் குற்றம்.

ஆனால் இரண்டும் அழுதுகொண்டு உட்காரவில்லை. கிளம்பிப் போகிறவர்களுக்கு நிர்வாகக் குழுவில் ஓட்டு ஏன் என்று நேராகக் கோர்ட்டுக்குப் போய் ஜெயித்தன. கான்ஃபரன்ஸின் பெயரும் சொத்தும் கைக்கு வந்தன. போன பத்துப் பேரும் சமரசத்தில் 6.5 கோடி டாலரை விட்டுக்கொடுத்தார்கள். 2024 சீசனில் ஆட எதிரணி வேண்டுமே, அதற்கு மவுன்டன் வெஸ்ட் என்ற பக்கத்து கான்ஃபரன்ஸுக்கு 1.4 கோடி டாலர் கொடுத்தார்கள். அதே வருடம் செப்டம்பரில் அந்த மவுன்டன் வெஸ்டிலிருந்தே பாய்சி ஸ்டேட், சான் டியேகோ ஸ்டேட் உள்ளிட்ட ஐவரை 2026க்கு இழுத்துக்கொண்டார்கள். தங்களுக்கு நடந்ததையே இன்னொருவருக்குச் செய்தார்கள் என்றால் மறுக்க மாட்டேன்.

கேள்வி: ஃபுட்பால் பணத்துக்காக என் மகள் ஆடும் வாலிபால் டீம் ஏன் நாடு முழுக்கப் பறக்க வேண்டும்?

பறக்கத் தேவையில்லை. ஃபுட்பாலைத் தனியே பிரித்துவிட்டு மற்ற ஆட்டங்களை அக்கம்பக்கத்திலேயே வைத்துக்கொள்ளலாம். நோட்டர் டேம் ஃபுட்பாலில் தனியாக நின்று, மற்ற பெரும்பாலான ஆட்டங்களை ஏசிசியில் ஆடுகிறதே. மற்றவர்களுக்கு மனசு வரவில்லை.

கேள்வி: இதிலிருந்து மொத்தமாக ஒதுங்கிய பல்கலைக்கழகம் உண்டா?

சிகாகோ. பிக் டென்னின் தொடக்க உறுப்பினர், சிறந்த கல்லூரி ஃபுட்பால் வீரருக்கான முதல் ஹைஸ்மன் கோப்பையை 1935இல் வாங்கிய ஜே பெர்வாங்கர் அந்தப் பல்கலைக்கழக மாணவர். 1939இல் ஃபுட்பாலையே நிறுத்தினார்கள், 1946இல் பிக் டென்னை விட்டார்கள். படிப்பில் அதன் பெயர் கெடவில்லை. 1969இல் ஃபுட்பால் திரும்ப வந்தது, இப்போது விளையாட்டுக்கென்று உதவித்தொகை இல்லாத மூன்றாம் டிவிஷனில் ஆடுகிறார்கள்.

கேள்வி: நடுத்தர அரசுப் பல்கலைக்கழகத்துக்கு நீங்கள் தலைவரானால்?

அடுத்த ஒப்பந்தத்தில் வரப்போகும் பணத்தை நம்பி இன்று கடன் வாங்க மாட்டேன். வீரர்கள் என்சிஏஏ மீது போட்ட வழக்கில் 2025 ஜூனில் கோர்ட் ஒப்புதல் பெற்ற சமரசப்படி ஒரு பல்கலைக்கழகம் வீரர்களுக்கு முதல் வருடத்தில் 2.05 கோடி டாலர் வரை நேரடியாகக் கொடுக்கலாம். 'வரை' என்ற சொல்லைக் கவனியுங்கள், எல்லாரும் அந்த உச்சத்தைத் தொட வேண்டும் என்று கட்டாயமில்லை. சட்டியில் இருப்பதுதான் அகப்பையில் வரும். பயிற்சியாளர் ஒப்பந்தங்களைச் சின்னதாக வைப்பேன். பக்கத்து ஊர் எதிரியோடு ஆடும் ஆட்டத்தை கான்ஃபரன்ஸ் எதுவானாலும் விடமாட்டேன்.

கேள்வி: அப்போ வாஷிங்டனும் வாஷிங்டன் ஸ்டேட்டும் மோதும் ஆப்பிள் கப் ஆட்டம் நின்றுவிட்டதா?

இல்லை. 2024 செப்டம்பரில் சியாட்டிலில் ஆடினார்கள். வாஷிங்டன் ஸ்டேட் 24, வாஷிங்டன் 19.