எண்டரின் பதக்கங்களை எப்படி எழுதுவது?

வணக்கம். கிழக்கு ஜெர்மனி நீச்சல் வீராங்கனை கொர்னேலியா எண்டர் 1976 மொன்றியால் ஒலிம்பிக்கில் வென்ற நான்கு தங்கங்களை உங்கள் பள்ளி மலர்க் கட்டுரையில் சேர்ப்பதா, அவரை 'மோசடிக்காரர்' என்பதா எனக் கேட்டிருந்தீர்கள்.

பதக்கங்களைச் சேருங்கள், ஒலிம்பிக் குழு அவற்றைப் பறிக்கவில்லை. ஆனால் அதே பத்தியிலேயே, கிழக்கு ஜெர்மனி அரசு 1974இல் 'அரசுத் திட்டம் 14.25' என்ற பெயரில் ஊக்கமருந்தை இரகசியமாக முறைப்படுத்தி, ஆண் இயக்குநீர் (ஹார்மோன்) தன்மையுள்ள டூரினபோல் மாத்திரைகளை வைட்டமின் என்று சொல்லிப் பதின்வயதுச் சிறுமியருக்கும் கொடுத்ததையும், 1972இல் நீச்சலில் ஒரு தங்கமும் பெறாத அந்நாட்டுப் பெண்கள் மொன்றியாலில் 13 போட்டிகளில் 11இல் வென்றதையும் எழுதிவிடுங்கள். அடிக்குறிப்பாக ஒதுக்கினால் யார் படிப்பார்கள்?

'மோசடிக்காரர்' என்ற சொல்லை நான் தவிர்ப்பேன். அப்போது எண்டருக்கு வயது 17. போடப்பட்ட ஊசிகள் உடல் களைப்பிலிருந்து மீளவே என்று தமக்குச் சொல்லப்பட்டதாக அவர் பின்னாளில் கூறினார். பெர்லின் நீதிமன்றமும் 2000இல் கிழக்கு ஜெர்மனி விளையாட்டுத் தலைவர் மன்ஃப்ரெட் ஏவால்டையும் மருத்துவர் மன்ஃப்ரெட் ஹெப்னரையும்தான் தண்டித்தது, அதுவும் சிறை செல்லத் தேவையில்லாத நிறுத்திவைக்கப்பட்ட தண்டனையாக.

இடம் இருந்தால், 200 மீட்டரில் எண்டருக்கு அடுத்து வெள்ளி பெற்ற அமெரிக்கர் ஷெர்லி பாபஷாஃபுக்கும் இரண்டு வரி ஒதுக்குங்கள். ஊக்கமருந்துச் சந்தேகத்தை வெளிப்படையாகச் சொன்னதற்காகத் தம் நாட்டுப் பத்திரிகைகளாலேயே அவர் சிடுமூஞ்சி என்று ஏளனம் செய்யப்பட்டார்.