கடவுச்சொல்லை மாற்றியும் சேர்வருக்குள் வந்தார்கள்: வழக்குப் போடலாமா?

கேள்வி: கல்முனையில் மொத்த வியாபாரம் செய்கிறேன். இருப்பும் வாடிக்கையாளர் கடன் கணக்கும் கடையிலுள்ள உபுண்டு (லினக்ஸ் இயங்குதளம்) சேர்வரில், இலவசத் திறந்த மூல மென்பொருளில் இருக்கின்றன. அதை நிறுவியவர் கூலித் தகராறில் விலகிவிட்டார்; எழுத்து ஒப்பந்தம் இல்லை. ரூட் (எல்லா அதிகாரமும் கொண்ட நிர்வாகி கணக்கு) கடவுச்சொல்லை உடனே மாற்றினோம். ஆனாலும் போன வாரம் இரவில் யாரோ ரூட்டாக நுழைந்து கடன் கணக்கை அழித்திருக்கிறார்கள். புதிய ஐடி தம்பி எல்லாவற்றையும் அழித்துவிட்டுத் திரும்ப நிறுவலாம் என்கிறார். இலவச மென்பொருளுக்கு உத்தரவாதமே இல்லையாமே, பழையவர்மீது வழக்குப் போடலாமா?

பதில்: தம்பியை முதலில் நிறுத்துங்கள். அவர் அழிக்கப்போவது உங்கள் சாட்சியத்தை. இணையக் கேபிளைக் கழற்றி, பழைய டிஸ்க்கை எடுத்து உறையிலிட்டு, திகதியும் நேரமும் எழுதி இருவர் கையொப்பமிடுங்கள். கடை ஓட வேண்டுமென்றால் புதிய டிஸ்க்கில் நிறுவட்டும். பழையதைத் திறந்து பார்ப்பதானால் முழுப் பிரதி எடுத்து, இரண்டுக்கும் எஸ்எச்ஏ-256 மதிப்பை (உள்ளடக்கம் சிறிது மாறினாலும் மாறிவிடும் சரிபார்ப்புக் குறியீடு) கணித்து ஒப்பிட்ட பிறகு, பிரதியில் மட்டும் பாருங்கள்.

இதில் தாமதம் ஆகாது. உபுண்டுவின் நுழைவுப் பதிவு வாரமொருமுறை சுழலும்: பழையது தனிக் கோப்பாகி, புதியது தொடங்கும். வழமையான அமைப்பில் பழைய நான்கு கோப்புகள்தான் மிஞ்சும். அந்தப் பதிவில் ஐபி முகவரியோடு (இணைய இணைப்பின் எண்) போர்ட் இலக்கமும் (அந்த முகவரியில் குறிப்பிட்ட தொடர்பைக் காட்டும் எண்) இருக்கும். கைத்தொலைபேசி இணையத்தில் ஒரே ஐபியைப் பலர் பகிர்வதால், சரியான நேரமும் போர்ட்டும் இல்லாமல் இணைய நிறுவனத்தால் ஆளைக் காட்ட முடியாது. சேர்வரின் கடிகாரம் யுடிசியிலா (உலகப் பொது நேரம்) இலங்கை நேரத்திலா என்பதையும் குறியுங்கள். ஐந்தரை மணி நேரம் பிசகினால் எதிர்த்தரப்புச் சட்டத்தரணிக்கு அது போதும்.

கடவுச்சொல்லை மாற்றியும் நுழைந்தது எப்படி? பெரும்பாலும் எஸ்எஸ்எச் விசை (தொலைவிலிருந்து நுழைய, கடவுச்சொல்லுக்குப் பதிலாகப் பயன்படும் கோப்பு). ரூட் கணக்கில் பதிந்த விசை, கடவுச்சொல் மாறினாலும் செல்லும். விசையால் நுழைந்திருந்தால் அதன் கைரேகைக் குறியீடு (அந்த விசையை அடையாளம் காட்டும் சுருக்கக் குறியீடு) பதிவிலேயே இருக்கும். சட்டப்படி தேடுதலில் பழையவருடைய மடிக்கணினியில் அதே விசை கிடைத்தால், வெறும் ஐபியைவிடப் பல மடங்கு வலுவான சான்று அது.

சட்டம் 2007ஆம் ஆண்டின் 24ஆம் இலக்கக் கணினிக் குற்றங்கள் சட்டம். அதிகாரமின்றி நுழைவது 3ஆம் பிரிவு: ஒரு இலட்சம் ரூபா வரை தண்டம், ஐந்தாண்டு வரை சிறை, அல்லது இரண்டும். அழிப்பது 5ஆம் பிரிவு: தண்டம் மூன்று இலட்சம் வரை, சிறை அதே. உங்கள் வழக்கின் பலவீனம் ‘அதிகாரம்’. இனி நுழையக் கூடாது என்று அவருக்கு எழுதினீர்களா? இல்லையென்றால், பராமரிப்புக்காகத்தான் வந்தேன் என்பார். ஆனால் பராமரிப்பு அனுமதி கணக்கை அழிக்கும் அனுமதி ஆகாது. எனவே 5ஆம் பிரிவை முன்வையுங்கள். இன்றே பதிவுத் தபாலிலும் வாட்ஸ்அப்பிலும் அனுமதியை நீக்குங்கள். பொலிஸ் முறைப்பாட்டில் நடந்ததை மட்டும் சொல்லுங்கள். முகநூலில் அவர் பெயரைப் போட்டால் மானநஷ்ட வழக்கு உங்கள்மீது வரும். பழிவாங்க அவர் கணினிக்குள் நுழைவதும் அதே 3ஆம் பிரிவுக் குற்றம்.

உத்தரவாதமில்லை என்ற உரிம வாசகம் மென்பொருளை எழுதியோரையும் விநியோகித்தோரையும் காக்கும். கூலிக்கு நிறுவியவரின் கவனக்குறைவை அது மூடாது. வேண்டுமென்று அழித்ததற்கோ அது பொருந்தவே பொருந்தாது. வழக்குப் போடுவதற்கான காலவரையறை எழுதாத ஒப்பந்தக் கோரிக்கைக்கு மூன்றாண்டு, ஒப்பந்தம் சாராத சேதத்துக்கான நட்டஈட்டுக்கு இரண்டாண்டு. அவருக்குத் தகராறில்லாத கூலிப் பாக்கி ஏதும் இருந்தால் கொடுத்துப் பற்றுச்சீட்டு வாங்குங்கள். அதைப் பிடித்து வைப்பது அவருக்குத்தான் உதவும்.

புதிய டிஸ்க்கில் ரூட் நுழைவையும் கடவுச்சொல் நுழைவையும் நிறுத்தி, ஒவ்வொருவருக்கும் தனிக் கணக்கும் தனி விசையும் கொடுங்கள். பொதுக் கணக்கு என்றால் பதிவில் ஆள் தெரியாது. முதன்மை எஸ்எஸ்எச் அமைப்புக் கோப்பில் மட்டும் மாற்றினால் போதாது: துணை அடைவிலுள்ள கோப்பு முதலில் வாசிக்கப்பட்டு, அதிலுள்ளதே வெல்லும். டொக்கரில் (மென்பொருளைத் தனித்தனிப் பெட்டிகளாக ஓட்டும் கருவி) திறந்த போர்ட், யுஎஃப்டபிள்யூ (உபுண்டுவின் தீச்சுவர்) தடுப்பைத் தாண்டி வெளியே தெரியும். தரவுத்தளத்தை, சேர்வருக்குள்ளிருந்து மட்டும் எட்டக்கூடிய உள்முகவரிக்கு மட்டும் கட்டுங்கள். பழைய காப்புப் பிரதியிலிருந்து தரவை மட்டும் எடுங்கள். பயனர் கணக்கு, விசை, கிரோன் பணி (குறித்த நேரத்தில் தானாக ஓடும் கட்டளை) எதையும் கொண்டுவர வேண்டாம். பதிவுகளின் நகலும் காப்புப் பிரதியும் இந்தச் சேர்வரால் அழிக்க முடியாத வேறிடத்தில் இருக்கட்டும்.

புதிய தம்பியோடு ஒரு பக்க ஒப்பந்தமாவது எழுதுங்கள்: எந்த விசைகள் அவரிடம், விலகும் நாளில் எவற்றை ஒப்படைப்பது, அனுமதி எந்தத் திகதியோடு முடிகிறது.