மலச்சிக்கல் சிரப் இரண்டு நாளாகியும் வேலை செய்யவில்லை, நிறுத்திவிடலாமா?

கேள்வி: அம்மாவுக்கு வயது 66, சர்க்கரை நோய் இருக்கிறது. மலச்சிக்கலுக்கு இரவில் 15 மில்லி லாக்டுலோஸ் சிரப் குடிக்கச் சொன்னார் டாக்டர். இரண்டு நாள் குடித்தும் மலம் போகவில்லை. வயிறு உப்பி, வாயுத் தொல்லைதான் அதிகமாகியிருக்கிறது. சிரப் தித்திப்பாக இருப்பதால் சர்க்கரை ஏறிவிடுமோ, பழகிப்போனால் விட முடியாதோ என்று அம்மா பயப்படுகிறார். முன்பு போட்ட பேதி மாத்திரைக்கே திரும்பிவிடலாமா?

பதில்: இப்போதே நிறுத்த வேண்டாம். இந்த சிரப்புக்கு இரண்டு நாள் என்பது குறைவான அவகாசம்தான். சிலருக்கு மூன்று நாள்கூட ஆகும். முன்பு போட்டது பிசகோடில் போன்ற மாத்திரையாக இருந்தால், அது குடல் சுவரைத் தூண்டிச் சுருங்க வைக்கும். அதனால் இரவில் போட்டால் காலையில் வயிறு கலக்கும். லாக்டுலோஸ் குடலை அப்படி விரட்டாது. மலத்தோடு தண்ணீரைத் தங்க வைப்பதுதான் அதன் வேலை.

சிறுகுடலிலிருந்து பெருங்குடலுக்குத் தினமும் ஏறக்குறைய ஒன்றரை லிட்டர் நீர் வருகிறது. அதில் பெரும்பகுதியைப் பெருங்குடல் திரும்ப உடம்புக்குள் இழுத்துக்கொள்ள, மலத்தோடு வெளியேறுவது 100 முதல் 200 மில்லிதான். மலம் குடலில் தேங்கத் தேங்க இந்த உறிஞ்சலும் நீளும். அப்படித்தான் அது கெட்டியாகி, முக்கினாலும் வராத நிலைக்குப் போகிறது. ரத்தத்தில் கலக்காத ஒரு பொருள் குடலுக்குள்ளேயே கரைந்து கிடந்தால், அது இருக்கும் பக்கம் நீரும் நிற்கும். பள்ளியில் படித்த சவ்வூடு பரவல் இதுதான். நீர் நின்றால் மலம் இளகும், பருமனாகும். குடல் சுவர் விரிந்து, தானாகவே அதைத் தள்ளத் தொடங்கும்.

லாக்டுலோஸ் என்பது கேலக்டோஸும் ஃப்ரக்டோஸும் சேர்ந்த செயற்கைச் சர்க்கரை. அதைப் பிரிக்கும் நொதி மனிதச் சிறுகுடலில் இல்லை. அதனால் அது முழுசாகப் பெருங்குடலுக்குப் போய்ச் சேர்கிறது. அங்குள்ள பாக்டீரியாக்கள் அதை நொதிக்க வைத்து அமிலங்களாக மாற்றுகின்றன. அந்த அமிலங்களும் நீரை ஈர்க்கும், கூடவே வாயுவும் உண்டாகும். ஆகவே அம்மாவின் உப்புசத்தைப் பார்த்து மருந்து வேலை செய்யவில்லை என்று முடிவுகட்ட வேண்டாம், அது பெருங்குடலை எட்டிவிட்டதன் விளைவாகவே இருக்கலாம். பெரும்பாலும் சில நாட்களில் தணியும். தணியவே இல்லையென்றால் பாலிஎத்திலீன் கிளைக்கால் பொடிக்கு மாற்றலாமா என்று டாக்டரிடம் கேளுங்கள். அதைப் பாக்டீரியாக்களால் நொதிக்க வைக்க முடியாது, அதனால் வாயு குறைவு. தண்ணீரில் கலக்கிக் குடிக்கும் அந்தப் பொடி, கூடவே போகும் நீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும். அதற்கும் ஒன்று முதல் மூன்று நாள் ஆகும்.

சர்க்கரை பயத்துக்கு வருவோம். லாக்டுலோஸ் ரத்தத்தில் சேர்வது மிக மிகக் குறைவு. சிரப்பில் கொஞ்சம் கேலக்டோஸும் லாக்டோஸும் கலந்திருப்பது உண்மைதான். ஆனால் மலச்சிக்கலுக்குக் கொடுக்கும் அளவில் அது பொதுவாகப் பெரிதாக ஏற்றாது. அம்மாவுக்கு மனநிம்மதி வேண்டுமென்றால் முதல் வாரம் வழக்கத்தைவிடச் சற்று அடிக்கடி சர்க்கரை பாருங்கள். பழகிப்போகும் என்ற கவலையும் வேண்டாம், இந்த வகை மருந்து குடலைச் சோம்பேறியாக்காது. சொல்லப்போனால் நீண்ட நாள் சர்க்கரை நோய் குடலை இயக்கும் நரம்புகளைப் பாதித்து மலச்சிக்கலைக் கொண்டுவரலாம். அப்படிப்பட்டவர்களுக்கு மாதக்கணக்கில் மருந்து தேவைப்படலாம், அதில் தவறில்லை.

மூன்று நாள் கடந்தும் பலன் இல்லையென்றால் டாக்டரிடம் கேட்டு அளவைக் கூட்டலாம். பெரியவர்களுக்கு 30 மில்லி சாதாரணம்தான். தண்ணீரும் போதுமான அளவு குடிக்க வேண்டும். இதயமோ சிறுநீரகமோ பலவீனமாக இருந்து டாக்டர் தண்ணீருக்கு அளவு வைத்திருந்தால் மட்டும் அதை மீறக் கூடாது. சிறுநீரகத்தைச் சொன்னதால் இன்னொன்று: மெக்னீசியம் ஹைட்ராக்சைடு கலந்த மருந்துகளும் இதே வழியில்தான் வேலை செய்கின்றன, சில மணி நேரத்திலேயே. ஆனால் சிறுநீரகம் சரியில்லாதவர்களுக்கு மெக்னீசியம் ரத்தத்தில் தேங்கி ஆபத்தாகலாம். சர்க்கரை நோயாளிகளில் பலருக்கு சிறுநீரகமும் பாதிக்கப்பட்டிருக்கும் என்பதால், சீக்கிரம் கேட்கிறதே என்று நீங்களாக வாங்கிக் கொடுக்காதீர்கள்.

அப்புறம், அம்மா சாப்பிடும் மற்ற மாத்திரைகளையும் டாக்டரிடம் காட்டுங்கள். இரும்புச்சத்து மாத்திரை, கால்சியம், சில வலி மாத்திரைகள், சில ரத்த அழுத்த மாத்திரைகள் எல்லாமே மலத்தை இறுக்கக்கூடியவை. தைராய்டு குறைவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

பல நாள் மலம் போகாமல் இருந்துவிட்டுத் திடீரென்று தண்ணீராகக் கசிந்தால், பேதியாகிவிட்டது என்று நினைத்து சிரப்பை நிறுத்துவார்கள் பலர். ஆசனவாய்க்கு மேலே கல் போல அடைத்திருக்கும் மலத்தைச் சுற்றி நீர் மட்டும் வழிவதாகவும் அது இருக்கலாம். அப்போது மருந்தை நிறுத்துவதா, கூட்டுவதா, அடைப்பை எடுப்பதா என்பதை டாக்டர் விரலால் பரிசோதித்துத்தான் சொல்ல முடியும். மலத்தில் ரத்தம், காரணமில்லாத எடைக் குறைவு, இந்த வயதில் புதிதாகத் தொடங்கிய மலச்சிக்கல் ஆகியவற்றுக்கும் தள்ளிப்போடாமல் பார்க்க வேண்டும். வயிறு வீங்கி, வாயுகூடப் பிரியாமல் வாந்தி வந்தால் எந்த மலமிளக்கியும் கொடுக்காமல் உடனே மருத்துவமனைக்குக் கூட்டிப் போங்கள்.