வாசகர் கேள்வி பதில்: ஒரு ராஜாவும் இத்தனை செக்கும்

கேள்வி: பேங்க்ல குடுக்கறதும் செக், கட்டம் போட்ட சட்டையும் செக், செஸ்ல ராஜாவ மிரட்டுறதும் செக், 'எதுக்கும் ஒருவாட்டி செக் பண்ணிடு'ன்னு சொல்றோமே அதுவும் செக், போதாக்குறைக்கு தண்ணிய மறிக்க செக் டேம் வேற. இதெல்லாம் வேற வேற வார்த்தையா, இல்ல ஒண்ணேதானா?

பதில்: எல்லாம் ஒண்ணேதாங்க. இதுல எனக்கு ரொம்ப சந்தோஷம், ஏன்னா ஒரே மாதிரி ஒலிக்கிற இங்கிலீஷ் வார்த்தைங்க பல சமயம் வேற வேற வேர்ல இருந்து வந்து தற்செயலா ஒரே உருவத்துல நின்னுடும், செக்மேட்ல வர்ற மேட்டும் கிளாஸ்மேட்ல வர்ற மேட்டும் அப்படித்தான், சொந்தமே கிடையாது, ரெண்டாவது மேட்டுக்கு மூலம் சாப்பாட்டை பங்கு போட்டு சாப்பிடுறவன்னு அர்த்தம் வர்ற ஒரு பழைய ஜெர்மானிய வார்த்தை. ஆனா செக் எல்லாமே ஒரு இடத்துல இருந்துதான் கிளம்புது. அந்த இடம் பாரசீகம், வார்த்தை ஷா, அதாவது ராஜா.

நம்ம சதுரங்கம், யானை தேர் குதிரை காலாள்னு நாலு படையோட இங்க இருந்து பாரசீகத்துக்கு போய் சத்ரங் ஆச்சு, அரபி வாயில ஷத்ரஞ்ச் ஆச்சு. எதிராளியோட ராஜாவுக்கு குறி வெச்சா 'ஷா'ன்னு சொல்லி எச்சரிக்கணும், அதான் வழக்கம். அரபிங்க வழியா ஆட்டம் ஐரோப்பாவுக்கு போனப்போ ஸ்பெயின்காரங்க ஷத்ரஞ்ச்ங்கிற பேரையே கொஞ்சம் திரிச்சு வெச்சுக்கிட்டாங்க, பிரெஞ்சுக்காரங்களோ அந்த எச்சரிக்கையையே ஆட்டத்துக்கு பேரா வெச்சுட்டாங்க, எஸ்செக்னு. அதோட ஒருமைதான் இங்கிலீஷ்ல செக், பன்மைதான் செஸ். அதாவது செஸ்னா வெறும் 'ராஜாக்கள்', அவ்வளவுதான்! செக்மேட்ங்கிறது ஷா மாத். அரபில மாத்னா செத்தான், அதனால 'ராஜா செத்துட்டான்'னு சொல்லுவாங்க, ஆனா பாரசீகத்துல மாத்னா திகைச்சுப்போய் வழியில்லாம நிக்கிறவன், ஆட்டத்துல நடக்கறதுக்கு இதுதான் பொருந்துது, ராஜாவ யாரும் கொல்றதில்லையே, அவனுக்கு போக இடம் இல்லாம போகுது.

இப்ப ராஜாவுக்கு செக் விழுந்தா என்ன ஆகும், நீங்க போட்டு வெச்சிருந்த பிளான் எல்லாத்தையும் நிறுத்திட்டு முதல்ல அவன காப்பாத்தணும். அதுல இருந்துதான் செக்னா 'சட்டுனு தடுக்கறது, கட்டுப்படுத்தறது'ங்கிற அர்த்தம் வந்துச்சு, செக் டேம் இந்த வீட்டுப் பிள்ளை.

தடுக்கறது எப்படி சரிபாக்கறதா மாறுச்சுங்கிற இடத்துலதான் நிறைய பேர் தடுக்கி விழறாங்க. இங்கிலாந்து அரண்மனையிலயும் கடற்படை கப்பல் கட்டுற யார்டுகள்லயும் 'கிளார்க் ஆஃப் த செக்'னு ஒரு பதவி இருந்துச்சு, வேலைக்கு வந்தவன் யாரு வராதவன் யாருன்னு பேர் கூப்பிட்டு குறிச்சு வெக்கிறது அவர் வேலை. அவர் கையில ஒரு லிஸ்ட் இருக்குன்னா, வராத ஆளுக்கு சம்பளம் எழுதி யாரும் அமுக்க முடியாது இல்லையா, அப்ப அந்த லிஸ்ட்டு திருட்டுக்கு ஒரு தடை. தடை போடணும்னா ஒண்ணோட ஒண்ண ஒப்பிட்டு பாக்கணும், நாளாக நாளாக தடைங்கிறது பின்னாடி போய் ஒப்பிட்டு பாக்கறதே செக் ஆயிடுச்சு. நாம டிக் அடிக்கிறோமே, அமெரிக்காக்காரன் அத 'செக் மார்க்'னு சொல்றதும் இதனாலதான்.

கேள்வி: பேங்க் செக், அரபில 'ஸக்'ங்கிற வார்த்தையில இருந்து வந்ததுன்னு ஒரு மெசேஜ் சுத்துதே, உண்மையா?

பதில்: ஸக்ங்கிற பத்திரம் உண்மையிலேயே இருந்துச்சு, பணம் குடுக்கறேன்னு எழுதிக் குடுக்கற காகிதம், இடைக்கால அரபு வியாபாரிங்க பயன்படுத்தினதுதான், அதனால கேக்க நம்புற மாதிரிதான் இருக்கும். ஆனா இங்கிலீஷ்ல இந்த வார்த்தை பணத்தோட சேர்ந்து முதல்ல எழுத்துல வர்ற இடத்த பாத்தீங்கன்னா, 18ஆம் நூற்றாண்டு தொடக்கத்துல, அப்ப செக்னா பணம் குடுக்கற காகிதமே இல்ல, கிழிச்சு குடுத்ததுக்கு அப்புறம் கையில நிக்குதே அடிக்கட்டை, கவுண்டர்ஃபாயில், அதுதான் செக். யாராவது போலி கொண்டாந்தா அடிக்கட்டையோட வெச்சு பாத்து பிடிச்சுடலாம், மோசடிக்கு தடை. அப்புறம்தான் பேரு அடிக்கட்டையில இருந்து மேல இருக்கற காகிதத்துக்கு ஏறுச்சு. அதனால ஸக் கதைய நான் ஏத்துக்க மாட்டேன். ஒலி ஒத்துப்போனா மட்டும் போதாது, அர்த்தம் படிப்படியா எப்படி நகர்ந்துச்சுன்னு எழுத்துல காட்டணும், இங்க அந்தப் படிகள் எல்லாம் வரிசையா கிடைக்குது.

கேள்வி: அப்ப பிரிட்டன் நிதி மந்திரிய சான்சலர் ஆஃப் தி எக்ஸ்செக்கர்னு சொல்றாங்களே, அதுலயும் ஒரு செக் இருக்கே?

பதில்: இருக்கு, எனக்கு ரொம்ப பிடிச்ச கிளையே அதுதான்! பழைய பிரெஞ்சுல எஸ்செக்கியேன்னா செஸ் பலகை. 12ஆம் நூற்றாண்டு இங்கிலாந்துல ஜில்லா அதிகாரிங்க, ஷெரிஃப்னு சொல்லுவாங்க, வசூல் பண்ணின பணத்துக்கு கணக்கு காட்ட ராஜாவோட ஆளுங்க முன்னாடி வந்து உக்காரணும். நடுவுல 10 அடி நீளம் 5 அடி அகலத்துல ஒரு மேஜை, வெச்சது உருண்டு விழாம இருக்க சுத்தி நாலு விரல் உயரத்துக்கு விளிம்பு, மேல கோடு போட்ட கருப்புத் துணி. இதெல்லாம் ராஜாவோட பொக்கிஷ அதிகாரியா இருந்த ரிச்சர்ட் ஃபிட்ஸ்நீல் அந்தக் காலத்துலயே எழுதி வெச்சுட்டு போனது.

துணி எதுக்குன்னா கணக்கு போட. ரோமன் எண்கள வெச்சு கூட்டல் கழித்தல் போடறது எவ்வளவு கொடுமைன்னு ஒருவாட்டி போட்டு பாருங்க தெரியும், பூஜ்யமும் கிடையாது, அதனால வலது ஓரத்துல பென்னிக்கு ஒரு பத்தி, அடுத்தது ஷில்லிங், அப்புறம் பவுண்டு, இருபது பவுண்டு, நூறு, ஆயிரம்னு பிரிச்சு வில்லைகள அடுக்குவாங்க, மேல குடுக்க வேண்டியது, கீழ குடுத்தது. ஷெரிஃபுக்கு எழுத்து தெரியலைனாலும் தன் கணக்கு எங்க நிக்குதுன்னு கண்ணால பாக்கலாம். பாக்க செஸ் பலகை மாதிரி இருந்ததால மேஜைக்கு அந்தப் பேரு, மேஜையில இருந்து இலாகாவுக்கு, இலாகாவுல இருந்து மந்திரிக்கு.

பணம் கட்டினதுக்கு ரசீதா ஒரு குச்சிய குடுப்பாங்க. ஆயிரம் பவுண்டுக்கு உள்ளங்கை அகல வெட்டு, நூறுக்கு கட்டைவிரல், இருபதுக்கு சுண்டுவிரல், ஒரு பவுண்டுக்கு ஒரு பார்லி மணி அளவு, அப்புறம் குச்சிய நீளவாக்குல பிளந்து ஆளுக்கு பாதி. ரெண்டையும் சேர்த்து வெச்சா வெட்டு வெட்டோட பொருந்தணும். பின்னாடி வந்த செக் அடிக்கட்டை பண்ணின அதே வேலைதான். பழசாகி குவிஞ்சு கிடந்த இந்தக் குச்சிங்கள 1834ல நாடாளுமன்ற கட்டிட அடுப்புல போட்டு எரிக்கப்போய், கட்டிடமே பத்திக்கிட்டு பெரும்பகுதி போயிடுச்சு.

பேங்க் செக்க அமெரிக்காவுல சி எச் இ சி கே-ன்னு எழுதுறாங்க, பிரிட்டன்ல கடைசியில கியூ யூ இ போடறாங்க பாருங்க, அந்த கியூவும் இந்த எக்ஸ்செக்கர பாத்து ஒட்டிக்கிட்டதுதான். கட்டம் போட்ட சட்டையும் செஸ் பலகை வழி வந்த சொந்தம்தான்.

கேள்வி: செக் குடியரசும் நம்ம எண்ணெய் ஆட்டுற செக்கும்?

பதில்: ரெண்டும் இந்தக் குடும்பத்துல இல்ல. அந்த நாட்டுப் பேரு அங்க வாழ்ற ஸ்லாவ் மக்களோட பேரு, செக்ங்கிற ஒரு மூதாதை கூட்டிட்டு வந்து குடியமர்த்தினாருன்னு அவங்க பழங்கதை சொல்லுது. எண்ணெய் செக்கு தமிழ் வார்த்தை. தமிழ் எழுத்துல எழுதும்போது மூணும் ஒரே மாதிரி தெரியுது, அவ்வளவுதான்.