எழுந்து நிற்காத மாட்டை வண்டியில் ஏற்றலாமா?

கேரள-தமிழ்நாடு எல்லையோரம் கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், கோபாலபுரம் பக்கம் மாடு வளர்க்கிறவர்கள் கேட்ட கேள்விகள் இவை. கால்நடைத் துறையில் வேலை பார்த்தவன் என்ற முறையில் பதில் சொல்கிறேன்.

அண்ணா, கன்னு போட்டு ரெண்டாம் நாள் மாடு எந்திரிக்கல. வியாபாரி வந்து விலை கேக்கறாரு. பொள்ளாச்சி சந்தைக்கு ஏத்தி விடலாமா?

ஏத்தாதீங்க தம்பி. 1978-ம் வருஷத்து விலங்குகள் போக்குவரத்து விதிகளில் 98-வது விதி இதைத் தெளிவாகச் சொல்கிறது. கன்று ஈன்று 72 மணி நேரம் ஆகாத மாடு, நோய்ப்பட்டது, நொண்டுவது, கண் தெரியாதது, எலும்பும் தோலுமாக இளைத்தது, வழியில் ஈனக்கூடிய நிறைமாதச் சினை, இவை எதையும் ஏற்றக்கூடாது. மத்திய விதி என்பதால் பாலக்காட்டுக்கும் பொள்ளாச்சிக்கும் இது பொதுதான்.

முதலில் மாட்டின் காதைத் தொட்டுப் பாருங்கள். சில்லென்று இருந்து, கழுத்தை விலாப்பக்கம் மடித்துப் படுத்திருந்தால் பெரும்பாலும் பால் காய்ச்சல். ரத்தத்தில் கால்சியம் இறங்கிப்போவதால் வருவது. டாக்டர் வந்து நரம்பில் கால்சியம் ஏற்றினால் பல மாடுகள் சில மணி நேரத்தில் எழுந்துவிடும். நாளைக்கே எழுந்து பால் கறக்கக்கூடிய மாட்டையா அடிமாட்டு விலைக்குத் தள்ளிவிடுவது? 1962 என்ற கால்நடை உதவி எண்ணுக்குப் போன் போடுங்கள். டாக்டர் வரும்வரை ஒருக்களித்துச் சாய விடாமல் இரண்டு பக்கமும் வைக்கோல் மூட்டை முட்டுக் கொடுத்து, நெஞ்சு தரையில் படும்படி உட்கார வையுங்கள். சாய்ந்தே கிடந்தால் வயிறு உப்பி உயிருக்கே ஆபத்து.

ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போறதுக்கும் தடையா?

சிகிச்சைக்கு என்றால் கொண்டுபோகலாம். ஆனால் மற்ற மாடுகளோடு சேர்க்காமல் தனியாக. வாலை முறுக்கியோ கயிறு கட்டியோ தரதரவென்று இழுக்கவே கூடாது. தார்ப்பாயில் புரட்டிப் படுக்க வைத்து நாலு பேர் சேர்ந்து தூக்குங்கள். சிமெண்ட் தரையில் இழுத்த மாட்டின் இடுப்பெலும்பு மேல் தோல் உரிந்து சதை தெரிவதைப் பார்த்திருக்கிறேன். அந்தப் புண் ஆற மாசக்கணக்காகும்.

குட்டி யானையில ரெண்டு மாடு ஏத்தலாமுங்களா?

கூடாதுங்க. மோட்டார் வாகன விதிப்படி ஒரு மாட்டுக்கு 2 சதுர மீட்டர் இடம் வேண்டும். குட்டி யானையின் தட்டு ஏறக்குறைய ஏழடிக்கு ஐந்தடி, அதில் ஒன்றுக்குத்தான் இடம். பெரிய லாரியானாலும் ஆறுக்கு மேல் கூடாது. தரையில் தேங்காய் நார் விரிப்போ பலகையோ போடுங்கள். சாணியும் மூத்திரமும் சேர்ந்த தகரத்தில் கால் அகன்று விழுந்தால் பின்னங்கால் விட்டுப்போகும். மாட்டோடு வேறு சரக்கு ஏற்றக்கூடாது, கூடவே ஆள் ஒருவர் போகவேண்டும்.

சர்ட்டிபிகேட் இல்லாம செக்போஸ்ட் தாண்டறாங்களே?

பயணத்துக்குத் தகுதி, தொற்றுநோய் இல்லை என்று டாக்டர் தரும் சான்று கட்டாயம். இல்லையென்றால் வண்டிக்காரரே ஏற்ற மறுக்கவேண்டும். வாயில் எச்சில் ஒழுகி, குளம்பிடுக்கில் புண் இருந்தால் கோமாரியாக இருக்கலாம். ஏற்றாதீர்கள், கால்நடை மருத்துவமனைக்குச் சொல்லுங்கள். சொல்லவேண்டியது 2009-ம் வருஷத்துக் கால்நடைத் தொற்றுநோய்த் தடுப்புச் சட்டப்படி மாட்டுக்காரர் கடமை.

மீறினா என்ன தண்டனை?

1960-ம் வருஷத்து விலங்குகள் வதைத் தடுப்புச் சட்டத்தில் முதல் தடவைக்கு 10 முதல் 50 ரூபாய் அபராதம்தான். இது போதவே போதாது என்பது என் கருத்து. வேண்டுமென்றே மாட்டை ஊனப்படுத்தினாலோ கொன்றாலோ பாரதிய நியாய சன்ஹிதா 325-வது பிரிவில் ஐந்து வருஷம் வரை சிறை உண்டு. கால் ஒடிந்த மாடு வண்டியில் கிடப்பதைப் பார்த்தால் வண்டி நம்பரோடு போட்டோ எடுத்து 112-க்குச் சொல்லுங்கள். டிரைவரோடு சண்டைக்கு நிற்கவேண்டாம்.