செமன் ரிப்போர்ட்டில் "நில்" வந்தால் மைக்ரோ ஆர்.என்.ஏ. பார்க்க பெங்களூரு போகணுமா?

கேள்வி இதுதான்: "ஊத்தங்கரை பக்கம் கிராமம். கல்யாணமாகி நாலு வருஷம். செமன் (விந்து) டெஸ்டில் உயிரணு 'நில்', அதாவது ஒன்றுகூட இல்லை என்று வந்துவிட்டது. விந்துவில் மைக்ரோ ஆர்.என்.ஏ. பார்த்தால் அணு உற்பத்தி நடக்கிறதா, விரையில் கேன்சர் இருக்கிறதா ரெண்டும் ஒரே டெஸ்டில் தெரியுமாம். பெங்களூரு போகட்டுமா?"

இப்போதைக்கு வேண்டாம். சொன்னவர் சொன்னதில் முதல் பாதி ஓரளவு சரி. கேன்சர் பாதிதான் தப்பு, அதுவும் ஆபத்தான தப்பு.

மைக்ரோ ஆர்.என்.ஏ. என்பது செல்லுக்குள் மரபுச் செய்தியைச் சுமக்கும் ஆர்.என்.ஏ.வில், ஏறத்தாழ 22 எழுத்து நீளமுள்ள துண்டு. அது புரதம் செய்யாது. எந்தப் புரதம் எவ்வளவு உருவாகலாம் என்று அடக்கி வைக்கும். 1993-ல் அமெரிக்க விஞ்ஞானிகள் ஆம்ப்ரோஸும் ருவ்குனும் புழுவில் கண்டது, 2024-ல் நோபல் வாங்கியது.

விரைப் புற்றுநோயில் பேசப்படுவது மிர்-371ஏ-3பி என்ற மைக்ரோ ஆர்.என்.ஏ. 2019-ல் வெளியான, 600-க்கு மேற்பட்ட நோயாளிகளை வைத்துச் செய்த ஆய்வில், நோய் உள்ளவர்களில் சுமார் 90 சதவீதம் பேரை இது பிடித்தது. நோயில்லாதவர்களில் 94 சதவீதம் பேரைச் சரியாக விலக்கியது. இந்தப் புற்றுநோய்க்கு ரத்தத்தில் வழக்கமாகப் பார்க்கும் ஏ.எஃப்.பி., பீட்டா எச்.சி.ஜி., எல்.டி.எச். என்ற மூன்று அளவுகளையும்விட இது மேல். செமினோமா என்ற விரைப் புற்றுநோய் வகை கலப்பில்லாமல் இருந்தால் ஏ.எஃப்.பி. ஏறவே ஏறாது. டெரட்டோமா என்ற இன்னொரு வகையை மட்டும் இந்த மைக்ரோ ஆர்.என்.ஏ.வும் கோட்டைவிடும்.

ஆனால் இதெல்லாம் ரத்தத்தில். விந்துவில் எடுத்தால் கதையே வேறு. நோயே இல்லாத ஆணின் விந்துவிலும் அதே மூலக்கூறு இருக்கும். அணு எண்ணிக்கை கூடக்கூட அதுவும் கூடும். மாங்காய் மண்டிக்குள் மாம்பழ வாசம் அடித்தால் யார் திரும்பிப் பார்க்கப்போகிறார்கள்? ஜவுளிக்கடையில் அடித்தால்தான் எங்கிருந்து என்று தேடுவோம். ரத்தம் ஜவுளிக்கடை, விந்து மண்டி. அதனால் அணு நன்றாக உள்ளவர் அளவு அதிகம் என்று வீணாகப் பயப்படுவார். உங்களைப் போல 'நில்' வந்தவருக்கு அளவு குறைவாகக் காட்டும். உள்ளே கட்டியே இருந்தாலும் "ஒன்றுமில்லை" என்று வீட்டுக்குப் போய்விடுவார். நான் ஆபத்து என்றது இதைத்தான்.

முதல் பாதிக்கு வருகிறேன். விந்துத் திரவத்தில் எக்ஸோசோம் என்ற நுண்பைகள் மிதக்கின்றன. அவற்றிலுள்ள மிர்-31-5பி, அணு இல்லாததற்குக் காரணம் பாதை அடைப்பா, உற்பத்திக் குறைவா என்று நன்றாகவே பிரித்துக் காட்டியது. நல்ல வேலைதான், ஆராய்ச்சியைக் குறை சொல்கிறேன் என்று யாரும் கிளம்ப வேண்டாம். ஆனால் சோதித்தவர்கள் எண்ணிக்கை சிறியது. விந்துவில் வெள்ளணு கலந்தால் அதன் ஆர்.என்.ஏ.வும் சேர்ந்து எண்ணப்படும். ஆர்.என்.ஏ.வை அளக்கும் பி.சி.ஆர். சோதனையின் அளவை எதோடு ஒப்பிடுவது என்பதில் லேபுக்கு லேப் வித்தியாசம். ஒரு இடத்து எண்ணை இன்னொரு இடத்தில் காட்டிப் பிரயோஜனமில்லை.

அதே கேள்விக்கு மலிவான வழி இருக்கிறது. அணு உற்பத்தியைத் தூண்டும் ஹார்மோனான எஃப்.எஸ்.எச். ரத்தத்தில் 7.6-க்குள், விரையின் நீளம் 4.6 செ.மீ.க்கு மேல் என்றால் பெரும்பாலும் அடைப்புதான். எஃப்.எஸ்.எச். எகிறி, விரை சிறுத்திருந்தால் உற்பத்திக் கோளாறு. அப்போது கேரியோடைப்பும் (குரோமோசோம்களின் எண்ணிக்கை, வடிவம் பார்ப்பது) ஒய் குரோமோசோம் நுண்நீக்கமும் (அதில் சிறு துண்டு காணாமல் போயிருக்கிறதா என்பது) பார்க்கச் சொல்வார்கள். ஒய் குரோமோசோமில் அணு உற்பத்திக்கான ஏ.இசட்.எஃப். பகுதியில் ஏ அல்லது பி முழுவதும் போயிருந்தால் விரையில் தேடி அணு எடுக்கும் ஆபரேஷன் வீண். சி மட்டும் என்றால் வாய்ப்புண்டு. விந்துவின் அளவே குறைவு, அமிலத்தன்மை, ஃபிரக்டோஸ் என்ற சர்க்கரை இல்லை, மூன்றும் சேர்ந்தால் விந்துப் பை அல்லது வெளியேற்றுக் குழாயில் சிக்கல்.

அதற்கும் முன்னால், அந்த 'நில்' உண்மையிலேயே நில்தானா? ஒரு சொட்டை ஸ்லைடில் பார்த்து எழுதியதாக இருந்தால் நம்ப வேண்டாம். 3000 ஜி விசையில் 15 நிமிடம் சுழற்றி, அடியில் தங்கியதில் தேட வேண்டும். நாலைந்து அணு கிடைத்தாலும் ஒரே அணுவை ஊசியால் முட்டைக்குள் செலுத்தும் இக்ஸி முறைக்கு அது பெரிய விஷயம். ரெண்டாவது சாம்பிளும் வேண்டும். இடையில் காய்ச்சல் வந்திருந்தால் மூன்று மாதம் பொறுங்கள். ஒரு அணு உருவாக 70 நாளுக்கு மேல் ஆகும்.

சாம்பிளை லேபிலேயே எடுங்கள். ஊத்தங்கரையில் எடுத்து பஸ்ஸில் கிருஷ்ணகிரி கொண்டுபோனால் ஒரு மணி நேரம் தாண்டிவிடும். அசைவு அளவு பொய்யாகும். 2 முதல் 7 நாள் இடைவெளி. எச்சில், சோப்பு, தேங்காயெண்ணெய், சாதாரண ஆணுறை எதுவும் கூடாது. முதலில் வருவதில்தான் அணு அதிகம்; அது கீழே சிந்திவிட்டால் மறைக்காமல் சொல்லிவிட்டு வேறு நாள் கொடுங்கள். ரிப்போர்ட்டில் எடுத்த நேரம், பார்த்த நேரம் ரெண்டும் இல்லையென்றால் கேட்டு வாங்குங்கள். 'கவுண்ட் ஏற' என்று டெஸ்டோஸ்டிரோன் ஊசி போட்டிருந்தால் அதுவே அணுவை நிறுத்தியிருக்கலாம், டாக்டரிடம் சொல்லுங்கள்.

கேட்காததையும் சொல்லிவிடுகிறேன். நம் பக்கம் இந்தச் சாம்பிளை ஆண் கொடுப்பதற்குள் பெண்ணுக்கு டியூப் எக்ஸ்ரே, லேப்ராஸ்கோபி எல்லாம் முடிந்து, உறவுக்காரர்கள் பேசவும் பேசிவிடுகிறார்கள். ஒரு டப்பாவில் முடியும் சோதனை முதலில் வந்தால் என்ன?

கேன்சர் பயம் முழுக்க வெறும் பயமல்ல. விரைப் புற்றுநோய் இந்தியாவில் அரிது, லட்சத்தில் ஒருவருக்கும் குறைவு. ஆனால் குழந்தையின்மை உள்ளவர்களுக்கும், சின்ன வயதில் விரை இறங்காமல் இருந்தவர்களுக்கும் வாய்ப்பு கூடுதல். வெந்நீர்க் குளியலுக்குப் பின் ஒவ்வொன்றாக விரல்களுக்கிடையே உருட்டிப் பாருங்கள். வலியில்லாத கெட்டியான கட்டி தட்டினால் அன்றைக்கே யூராலஜி. விரைப்பை அல்ட்ராசவுண்டுக்கு பெங்களூரு தேவையில்லை. தருமபுரி, கிருஷ்ணகிரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளே போதும். வீக்கத்தை ஓதம் என்று நினைத்து ஸ்கேனுக்கு முன் ஊசியால் நீர் எடுக்க விடாதீர்கள். கட்டி என்றால் விரைப்பையில் கீறக்கூடாது, ஊசி குத்தி பயாப்ஸியும் கூடாது. தொடை இடுக்கு வழியாகத்தான் விரையை எடுப்பார்கள், இல்லாவிட்டால் நோய் வேறு நிணநீர்ப் பாதைக்குப் பரவலாம்.

அப்படி ஒரு நிலை வந்து, விந்துவில் பத்து அணு இருந்தாலும், ஆபரேஷனுக்கும் கீமோவுக்கும் முன்னால் உறைய வைத்துவிடச் சொல்லுங்கள். இதை டாக்டர் சொல்ல மறந்தாலும் நீங்கள் கேளுங்கள்.