உண்ணிச்செடி நாற்காலி வாங்கலாமா?

கேள்வி: மாதேஸ்வரன் மலைக்குப் போனபோது உண்ணிச்செடிக் குச்சியில் செய்த நாற்காலி ஒன்றைப் பார்த்தோம். எனக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. காட்டில் வெட்டியதை வாங்கலாமா, கரையான் அரிக்காதா என்று வீட்டில் கேட்கிறார்கள். சொல்லுங்கள் அக்கா.
— வாசகி, அந்தியூர்

பதில்: தாராளமாக வாங்குங்கள், தங்கச்சி. தேக்கு, பிரம்பு என்றால் எங்கே வெட்டியது என்று நூறு கேள்வி கேட்கச் சொல்வேன். உண்ணிச்செடி நம் காட்டுச் செடியே இல்லை. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தோட்டத்து அழகுக்காக வெள்ளைக்காரர்கள் கொண்டுவந்தது. அதன் கறுப்புப் பழத்தைத் தின்ற பறவைகள் மலை முழுக்க விதைத்துவிட்டன. அது அடர்ந்த இடத்தில் புல் தலையெடுக்காது. இலையைத் தின்ற மாட்டுக்கு ஈரல் கெடும்.

அந்த மலையில் மூங்கில் கூடை முடைந்த சோளகர் பழங்குடியினருக்கு, பெங்களூர் ஏட்ரீ ஆய்வு நிறுவனம்தான் உண்ணிக் குச்சியில் நாற்காலி செய்யப் பயிற்சி கொடுத்தது. கூடலூர்ப் பக்கம் பழங்குடியினர் இதே குச்சியில் நிஜ யானை அளவுக்குச் செய்த யானைகள் 2021இல் லண்டன் பூங்காக்களில் நின்றன. ஆனால் ஒன்று: மேலே வெட்டினால் தூர் மறுபடி துளிர்க்கும். வேரோடு எடுத்தால்தான் காடு மீளும். நாற்காலி அந்த வேலை செய்கிறவர்களுக்குக் கூலி தரும், அவ்வளவுதான்.

குச்சியைத் தண்ணீரில் வேகவைத்து, சூடு ஆறுமுன் பட்டையை உரிப்பார்கள். அப்போது கைக்கு வளைந்து கொடுக்கும். பருமனானது சட்டத்துக்கு, விரல் மொத்தமானது முதுகுக்கு. எந்தக் குச்சியும் நேராக இருக்காது. கணுவுக்குக் கணு ஒரு முழங்கை மாதிரி திரும்பும். அந்தத் திருப்பத்தைக் கைப்பிடியாக வைக்கிறவர்தான் நல்ல கைவினைஞர். நேராக்கித் தரச் சொல்லாதீர்கள்.

கரையானும் துளைக்கும் வண்டும் சாதாரணமாக இதை அண்டாது. ஈரம்தான் பகை. என் பட்டறையில் முதலில் செய்த நாற்காலியில் காயாத குச்சிக்கு ஆணி அடித்துவிட்டேன். கோடை வந்ததும் குச்சி சுருங்கி ஆணியெல்லாம் ஆடியது. வாங்கிப் போனவர் திருப்பிக் கொண்டுவந்தார், முழுசாகப் பிரித்துக் கட்டினேன்.

அதனால் வாங்குமுன் கவிழ்த்துப் பாருங்கள். நாலு காலையும் பிடித்து அசையுங்கள். ஆணித்தலை வெளியே நிற்கிறதா, பட்டை எங்காவது மிச்சமிருக்கிறதா என்று தடவிப் பாருங்கள். வீட்டில் சாரல் படாத இடத்தில் போடுங்கள். வார்னிஷ் மங்கினால் உப்புத்தாளில் லேசாகத் தேய்த்து இன்னொரு பூச்சு கொடுத்தால் போதும்.